‘மூழ்கியது’ என்று ஒரு சொல்

2004 டிசம்பர் 26 காலையில் நான் சோழவந்தானில் எங்கள் கொடிக்காலுக்குள் நின்றுகொண்டிருந்தேன். மாலத்தீவுக்குக் கணக்கு வாத்தியாராகப் போய் நான்கு வருடம் முடிந்திருந்தது. அங்கே அப்போது பள்ளிக்கூட வருடம் ஜனவரியில் தொடங்கி நவம்பரில் முடிந்துவிடும். டிசம்பர் முழுக்க ஊரில் இருக்கலாம். லீவுக்கு வந்தால் விடிந்ததும் அப்பாவோடு வெற்றிலை கிள்ளப் போய்விடுவேன். செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். அகத்தி நிழல், காலுக்கடியில் ஈர மண், கிள்ளக் கிள்ளக் கையில் ஏறும் அந்தக் காரமான வாசனை. பதினோரு மாதம் கடலையே பார்த்த கண்ணுக்கு அந்தப் பச்சை இருட்டு அவ்வளவு இதமாக இருக்கும்.

மத்தியானம் நெருங்கும் நேரத்தில் தங்கச்சி வரப்பில் ஓடி வந்தாள்.

“அண்ணே, நீ வேலை பாக்குற ஊரு முங்கிருச்சுன்னு டிவியில போடுறாய்ங்க.”

வீட்டுக்கு ஓடினேன். மெரினா, கடலூர், நாகப்பட்டினம் என்று படம் மாறி மாறி வந்துகொண்டிருந்தது. திரையின் அடியில் ஓடிய எழுத்தில் இரண்டே சொல்: ‘மாலத்தீவு மூழ்கியது.’ அடுத்த வரி வேறு ஊருக்குப் போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே இரண்டு சொல். என் பாஸ்போர்ட் பீரோவில் இருந்தது. ஜனவரி முதல் வாரத்துக்குத் திருவனந்தபுரத்திலிருந்து மாலேவுக்கு டிக்கெட் போட்டிருந்தேன். என் வகுப்புப் பிள்ளைகளின் முகம் ஒவ்வொன்றாக வந்தது. அப்புறம் சட்டென்று ஒருவன் ஞாபகம் வந்து வயிற்றைப் பிசைந்தது. என்னோடு அதே பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுத்த நண்பன். உசிலம்பட்டிக்காரன். தங்கச்சி கல்யாணத்துக்குப் பணம் சேர்க்க வேண்டும் என்று அந்த வருடம் லீவுக்கு வராமல் தீவிலேயே தங்கிவிட்டிருந்தான்.

சாயங்காலம் வரை போன் போட்டுப் பார்த்தேன். லைன் கிடைக்கவில்லை. மறுநாள் காலையில் பஸ் பிடித்து உசிலம்பட்டிக்குப் போனேன்.

அந்த வீட்டை நான் இன்னும் மறக்கவில்லை. வாசலில் பெஞ்சு போட்டு ஆம்பிளைகள் உட்கார்ந்திருந்தார்கள். சொந்தக்காரர்கள் துக்கம் கேட்க வருவதுபோல வந்துகொண்டிருந்தார்கள். உள்ளே அவன் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முதல் நாள் மத்தியானத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று யாரோ சொன்னார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினேன். நம்ம ஊர்க் கரையில் கடல் அடி மெல்ல மெல்ல மேடேறி வரும், அதனால் அலை கரையை நெருங்க நெருங்கக் குவிந்து உயரும். மாலத்தீவுகள் ஆழ்கடலுக்குள்ளிருந்து தூண்போல நேராக எழும்பியவை. அலை குவிவதற்கு அங்கே சரிவு கிடையாது. சுற்றிலும் பவளப் பாறை வேறு அரணாக நிற்கிறது. தண்ணீர் உள்ளே ஏறியிருக்கும்தான், ஆனால் வந்த வேகத்தில் வடிந்தும் போயிருக்கும். எனக்குத் தெரிந்த பூகோளத்தையெல்லாம் சொன்னேன். பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பதுபோல நிதானமாகத்தான் சொன்னேன்.

அவர் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: “டிவியில எழுத்தாவே போட்டாகளே சாமி. எழுத்துல வந்தது பொய்யா இருக்குமா?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. மூன்றாம் நாள் அவனே போனில் பேசினான். தண்ணீர் இடுப்பளவு வந்து திரும்பியது, பள்ளிக்கூடத்து மாடியில் ஏறி நின்றோம், எல்லாரும் பத்திரம் என்றான். நல்ல சேதி. ஆனாலும் அந்த இரண்டு நாளை அந்த அம்மாவுக்கு யார் திருப்பிக் கொடுப்பது? மாலத்தீவில் நிஜமாகவே உயிர்ப்பலி இருந்தது. எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், சிலர் கிடைக்காமலே போனார்கள். சில தீவுகள் குடியிருக்க முடியாத அளவுக்குச் சிதைந்தன. அதைச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் ஒரு நாடே ‘மூழ்கியது’ என்று எழுதியவர் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் ‘மாலத்தீவுக்குள் கடல் புகுந்தது’ என்று எழுதியிருக்கலாம். இரண்டு சொல்லுக்குப் பதில் மூன்று சொல். அவ்வளவுதான்.

எனக்குள் ஒரு பத்திரிகைக்காரன் பிறந்தது அந்த உசிலம்பட்டி வீட்டில்தான். ஆனால் அதற்கான பயிற்சி தீவில் முன்பே தொடங்கியிருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

2001-ல் நான் அங்கே போனதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. எம்.எஸ்ஸி., பி.எட். முடித்துவிட்டு ஒரு தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மாலத்தீவுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பாடம், அதனால் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளாவிலிருந்தும் ஆசிரியர்களை நிறைய எடுத்தார்கள். விண்ணப்பம் போட்டேன், கிடைத்தது. மாலேவிலிருந்து வடக்கே ரா பவளத்தீவுக் கூட்டத்துக்குப் படகில் ஒரு ராத்திரி முழுக்கப் பயணம். படகை அவர்களும் ‘தோணி’ என்று காதில் விழுகிற மாதிரிதான் சொல்கிறார்கள். மீனுக்கு ‘மஸ்’. நம்ம மளிகைக் கடையில் விற்கிற மாசிக் கருவாடு அங்கிருந்து வந்ததுதான். காலையில் ரொஷி என்கிற ரொட்டியும் தேங்காய் போட்டுப் பிசைந்த சூரைமீனும், மத்தியானம் சோறும் கருதியா என்கிற மீன் சாறும். சாப்பிட்ட பிறகு பாக்கும் வெற்றிலையும் போடுவார்கள். எங்கள் அப்பா வெற்றிலைக் கொடிக்கால்காரர் என்று கேள்விப்பட்டதும் தீவுப் பெரியவர் ஒருவர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து என்னை அந்தத் தீவில் யாரும் வெளியாளாகப் பார்க்கவில்லை.

வைகாசியில் ஜெனகை மாரியம்மன் திருவிழா நாட்களில் மட்டும் மனம் படாத பாடு படும். போன் கார்டு தீரும்வரை அம்மாவிடம் பேசுவேன். பின்னணியில் கொட்டுச் சத்தம் கேட்கும்.

வகுப்பறைக்கு வருகிறேன். முதல் மூன்று மாதம் நான் நல்ல ஆசிரியர் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு கணக்கைப் போட்டு முடித்து, புரிந்ததா என்று கேட்டால் வகுப்பே சேர்ந்து ‘ஆன்’ என்று சொல்லும். அவர்கள் மொழியான திவேஹியில் ஆன் என்றால் ஆமாம். முதல் பரீட்சைத் தாளைத் திருத்தியபோதுதான் தெரிந்தது, பாதிப் பேருக்கு ஒன்றும் ஏறவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. வாத்தியார் கேட்டால் ஆமாம் என்று சொல்வது மரியாதை. நம்ம ஊரில் மட்டும் வேறா என்ன? அதன்பிறகு அந்தக் கேள்வியையே விட்டுவிட்டேன். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவனை எழுப்பி, ‘இப்போ நீ எனக்குச் சொல்லிக் கொடு’ என்பேன். அவன் எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறானோ அங்கேதான் என் பாடத்தில் ஓட்டை.

இன்னொன்றும் அங்கே கற்றேன். அவர்கள் எழுத்துக்குத் தானா என்று பெயர். வலமிருந்து இடமாக எழுதுவார்கள். திவேஹி ஆசிரியர் ஒருநாள் ஆசிரியர் அறைப் பலகையில் முதல் ஒன்பது எழுத்துகளை எழுதிவிட்டு, உற்றுப் பாருங்கள் என்றார். அவை அரபு எண்கள், ஒன்று முதல் ஒன்பது வரை. அடுத்த ஒன்பது எழுத்துகள் அந்த மண்ணின் பழைய எண்களிலிருந்து வந்தவை. எண்களை எடுத்து எழுத்தாக்கிக்கொண்ட ஒரு ஜனம்! அன்று ராத்திரி வெகு நேரம் உட்கார்ந்து அந்தப் பதினெட்டையும் எழுதிப் பழகினேன். கணக்கைத் தவிர வேறு எதுவும் என் வேலையில்லை என்று அதுவரை இருந்தவன் நான். அந்தப் பலகை எனக்குள் எதையோ அசைத்துவிட்டது.

2005 ஜனவரியில் திரும்பிப் போனேன். எங்கள் தீவின் கிணறுகள் எல்லாம் உப்பாகிவிட்டன. அந்தத் தீவுகளில் மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படலம்போல மிதந்து நிற்கும். கிணறு என்பது அந்தப் படலத்தில் முகந்து குடிப்பதுதான். கடல் ஒரு தடவை மேலே ஏறி இறங்கினால் அது கலங்கிவிடும், தெளிய மாதக்கணக்கில் ஆகும். மழைநீர்த் தொட்டியில் மிச்சமிருந்ததை அளந்து கொடுத்தார்கள். கொள்ளளவுப் பாடத்தை அந்த வருடம் நான் அந்தத் தொட்டியை வைத்தே எடுத்தேன்.

வகுப்பில் புதுப் பிள்ளைகள் இருந்தார்கள். பக்கத்தில் கந்தொலுதூ என்று ஒரு தீவு. சின்னத் தீவு, ஆனால் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் நெருக்கியடித்து வாழ்ந்த ஊர். அலையில் வீடுகள் இடிந்து மொத்த ஊரும் வெளியேற வேண்டியதாயிற்று. அந்த ஜனங்களைச் சுற்றியுள்ள தீவுகளில் பிரித்துக் குடிவைத்தார்கள். நோட்டு அட்டையில் பெயர், வகுப்பு, தீவு என்று மூன்று வரி எழுதுவது எங்கள் பள்ளி வழக்கம். அந்தப் பிள்ளைகள் மூன்றாவது வரியில் கந்தொலுதூ என்றே எழுதினார்கள். அடுத்த வருடமும் அப்படியே எழுதினார்கள். அதற்கடுத்த வருடமும். நான் ஒருநாளும் திருத்தச் சொல்லவில்லை. அவர்களுக்காகத் துவாஃபரு என்ற ஆளில்லாத தீவில் செஞ்சிலுவைச் சங்கக் கூட்டமைப்பு புது ஊரே கட்டிக் கொடுத்தது. குடிபோகச் சுமார் நான்கு வருடம் காத்திருந்தார்கள்.

இதையெல்லாம் எழுத வேண்டும் என்று தவித்தது. பிப்ரவரியில் பன்னிரண்டு பக்கம் எழுதி ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குத் தபாலில் அனுப்பினேன். கிணற்றைப் பற்றி, நோட்டு அட்டையைப் பற்றி, மாடியில் ஏறி நின்றவர்களைப் பற்றி. ஏப்ரலில் வீட்டிலிருந்து அம்மா கத்தரித்து அனுப்பிய துண்டு வந்தது. கால் பக்கத்துக்குச் சுருக்கியிருந்தார்கள். அது பரவாயில்லை, இடம் இருந்தால்தானே போடுவார்கள். ஆனால் தலைப்பு: ‘கடலில் மூழ்கிய தீவில் தமிழ் ஆசிரியர்’. நான் எழுதிய பன்னிரண்டு பக்கத்தில் மூழ்கியது என்ற சொல் ஓர் இடத்தில்கூடக் கிடையாது. எவ்வளவு கவனமாக அதைத் தவிர்த்திருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு படகுத்துறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கோபம்தான். ஆனால் கோபம் அடங்கிய பிறகு ஒரு கேள்வி மிஞ்சியது. தலைப்பு வைக்கிறவர் யார்? அவர் எங்கே உட்கார்ந்திருப்பார்? அந்த நாற்காலிக்கு எப்படிப் போவது?

அஞ்சல் வழியில் இதழியல் பட்டயம் படித்தேன். 2008 கடைசியில், கந்தொலுதூ ஜனங்கள் துவாஃபருவுக்குக் குடிபோன சமயத்தில், வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். மதுரையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர் வேலை. சம்பளம் தீவில் வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கு. வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மனைவி மட்டும், “ரெண்டு வருஷம் பாப்போம், அதுக்கு மேல நானே சொல்றேன்” என்றாள். இன்றுவரை சொல்லவில்லை.

பத்திரிகைக்கு மதுரை ரொம்பப் பொருத்தமான ஊர். 1942-ல் தினத்தந்தி தொடங்கியது இங்கேதான். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் விளங்க வேண்டும் என்று சி.பா. ஆதித்தனார் வைத்த அந்த எளிய நடை, டீக்கடையில் ஒருவர் படிக்க நாலு பேர் கேட்பதற்கென்றே அமைந்தது. தீவில் நான் கடைசி பெஞ்சுப் பையனுக்காகப் பாடத்தை மாற்றியதும் இதுவும் ஒரே வேலைதான் என்று செய்தி திருத்தும் டெஸ்க்கில் உட்கார்ந்த முதல் மாதமே புரிந்துவிட்டது.

ஒரு ராத்திரி தண்ணீர் திறப்புச் செய்தி வந்தது. வருடா வருடம் வருகிற செய்திதான். பேரணை முதல் கள்ளந்திரி வரையுள்ள 45,041 ஏக்கர் இருபோக நிலங்களுக்கு வினாடிக்கு 900 கன அடி வீதம் திறக்கப்படும் என்று அறிக்கை. அப்படியே போடுவதுதான் வழக்கம். எனக்கு அந்த ‘கன அடி’ உறுத்தியது. நம்ம ஜனம் தண்ணீரைக் கன அடியிலா பார்க்கிறது? ஒரு கன அடி 28.3 லிட்டர். பிளாஸ்டிக் குடத்துக்குப் பதினைந்து லிட்டர் என்று வைத்தால் கிட்டத்தட்ட இரண்டு குடம். 900 கன அடி என்றால் ஒவ்வொரு வினாடியும் ஏறத்தாழ 1,700 குடம் தண்ணீர் ஷட்டரைத் தாண்டிப் போகிறது. அறிக்கையின் கீழே இந்த ஒரு வரியைச் சேர்த்தேன். தலைமை உதவி ஆசிரியர் ஒன்றுக்கு இரண்டு தடவை பெருக்கிப் பார்த்துவிட்டு விட்டார். மறுநாள் காலையில் அப்பா போன் பண்ணினார். “எம்புட்டுத் தண்ணி வருதுன்னு இப்பத்தான்டா வெளங்குது” என்றார். வாழ்நாள் முழுக்க அந்த வைகைத் தண்ணீரைப் பார்த்து வெள்ளாமை செய்தவர். எத்தனையோ வருடம் செய்தித்தாள் படித்தவர். அவருக்கே இப்போதுதான் விளங்கியிருக்கிறது என்றால், நாம் இத்தனை காலம் யாருக்காக எழுதிக்கொண்டிருந்தோம்?

பிறகு டெஸ்க்கிலிருந்து நிருபர் வேலைக்கு மாறினேன். மேலூர்ப் பக்கம். 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க விவகாரம் வெடித்தபோது நான் அங்கே இருந்தேன். அரிட்டாபட்டியை 2022-ல்தான் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்திருந்தார்கள். மலையில் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் கல்வெட்டு, சமணர் சிற்பம், குடைவரைச் சிவன் கோயில். வானத்தில் வல்லூறு. அந்தப் பகுதியும் சேர்ந்து வருகிற மாதிரி 2015.51 ஹெக்டேரில் டங்ஸ்டன் எடுக்க ஏலம் முடிந்து, ஏலதாரர் பெயரும் வெளியாகிவிட்டது. ஊர் ஊராக ஒரே கேள்வி: எங்க வீடு இதுக்குள்ள வருதா? அந்த எண்ணை வைத்துக்கொண்டு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. வரைபடத்தை வாங்கி, நாயக்கர்பட்டி, கிடாரிப்பட்டி, எட்டிமங்கலம் என்று ஊர்ப் பெயர்களைக் குறித்துக்கொண்டு, பைக்கில் எல்லையோரமாகவே சுற்றினேன். கண்மாய், மந்தை, சுடுகாடு என்று அடையாளம் சொல்லி எழுதினேன். அதிகாரிகளிடமும் பழைய பழக்கம்தான். ‘சரிதானே சார்’ என்று கேட்டால் ஆமாம் என்றுதான் வரும். ‘நீங்களே ஒரு தடவை சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்’ என்றால் விஷயம் வரும்.

டிசம்பர் 24 ராத்திரி மத்திய சுரங்க அமைச்சகத்தின் அறிக்கை வந்தது. அலுவலகத்தில் ஒரே பரபரப்பு. ‘டங்ஸ்டன் திட்டம் ரத்து’ என்று தலைப்பு தயாராகிவிட்டது. நான் அறிக்கையை மூன்று முறை படித்தேன். பல்லுயிர்த் தலத்தை விட்டுவிட்டு எல்லையை மறு ஆய்வு செய்யும்படி புவியியல் ஆய்வுத் துறையைக் கேட்டிருந்தார்கள். அதுவரை மேல் நடவடிக்கை வேண்டாம் என்று மாநில அரசைக் கேட்டிருந்தார்கள். ரத்து என்ற சொல் எங்கேயும் இல்லை. போனில் டெஸ்க்கோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். என் கண் முன்னால் இருந்தது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அந்த உசிலம்பட்டி அம்மாதான். இருபது வருடத்துக்கு முன்னால் பயத்தில் போட்ட சொல். இன்றைக்குச் சந்தோஷத்தில் போடப் பார்க்கிற சொல். இரண்டும் ஒன்றுதான், நடக்காததை நடந்ததாகச் சொல்வது. கடைசியில் ‘மறு ஆய்வு’ என்றே வந்தது.

அன்று ராத்திரி வல்லாளப்பட்டியிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார்.

“அய்யா, வெடி வாங்கி வைக்கவா, வேணாமா?”

“இன்னும் இல்லம்மா. கொஞ்சம் பொறுங்க.”

“சரிய்யா. அப்ப போராட்டத்துக்கே வாரோம்.”

ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரையைப் பார்த்து ஜனம் நடந்தது. கைப்பிள்ளைக்காரிகள், தடி ஊன்றிய தாத்தாக்கள், டிராக்டர்கள். நான் கூடவே நடந்தேன். 23-ம் தேதி ஏலம் ரத்து என்ற அறிவிப்பு நிஜமாகவே வந்தது. அதிலும் மூன்று முறை தேடிப் பார்த்தேன், சொல் இருந்தது. முதல் வரியில் அதைத் தட்டச்சு செய்யும்போது கை நடுங்கியது.

மறுநாள் காலையில் பத்துப் பிரதியை வாங்கிக்கொண்டு அரிட்டாபட்டிக்குப் போனேன். மந்தையில் கூட்டம். ராத்திரியெல்லாம் வெடித்த வெடியின் காகிதம் சிவப்புச் சிவப்பாகக் கிடந்தது. ஒரு பெரியவர் பேப்பரை வாங்கி ஆறாம் வகுப்புப் படிக்கிற பேத்தி கையில் கொடுத்தார்.

“சத்தமாப் படித்தா, எல்லாருக்கும் கேக்கட்டும்.”

அவள் நன்றாகத்தான் படித்துக்கொண்டு வந்தாள். 2015.51 ஹெக்டேர் வந்ததும் நின்றுவிட்டாள்.

“அதென்னத்தா? ஏக்கருல சொல்லு” என்றார் தாத்தா.

அவள் என்னைப் பார்த்தாள். நான் கீழே கிடந்த வேப்பங்குச்சி ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். “ஒரு ஹெக்டேருக்கு ரெண்டரை ஏக்கர்னு வச்சுக்க. நீயே போடு.” புழுதியில் குந்தி உட்கார்ந்து 2015-ஐ இரண்டரையால் பெருக்கினாள். ஐயாயிரத்து முப்பத்தேழரை. கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள்.

“கிட்டத்தட்டச் சரி” என்றேன். “ரெண்டரை தோராயம்தான். சரியான கணக்கு 2.471.”

உள்ளங்கையால் புழுதியைத் தடவி அழித்துவிட்டு, முதலிலிருந்து எழுத ஆரம்பித்தாள்.